போத்தல் காக்காவும் எங்கள் கமக்கட்டுகளும்

உலகத்தில் எல்லாரும் நம்மை முகத்தால் ஞாபகம் வைத்திருப்பார்கள். கமக்கட்டால், அதாவது அக்குளால், ஞாபகம் வைத்திருந்தவர் போத்தல் காக்கா ஒருவர்தான். கல்முனையில் எங்கள் வீதியில் குடியிருந்த நாற்பத்துச் சொச்சம் பேரின் வேர்வையைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து, பெயர் எழுதி, திகதி போட்டுத் தன் அலுமாரியில் வைத்திருந்த மனிதர் அவர். இப்படியொருவர் இலங்கையில் வேறெங்கும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். இருந்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள் பெருமையடிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.

நாங்கள் அண்ணனைக் காக்கா என்போம்; இந்தக் காக்கா பொலிசில் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். நாயைப் பிடிப்பது, குளிப்பாட்டுவது, கூட்டிக்கொண்டு ஓடுவது எல்லாம் மற்றவர்களின் வேலை. இவருடைய வேலை மணம் மட்டும். திருடன் விட்டுப்போன செருப்பு, காணாமல் போனவரின் சேட், கதவுப் பிடி, கதிரைக் கை என்று எதிலிருந்தாவது ஆளின் மணத்தைப் பஞ்சுத் துணியில் எடுத்துப் போத்தலில் அடைத்து, நாய் வரும்வரை கெடாமல் காப்பாற்றுவது. முப்பது வருடம் இதைச் செய்துவிட்டு ஊருக்கு வந்தவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. சிலர் ஓய்வு பெற்றால் கோழி வளர்ப்பார்கள். இவர் எங்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

முதலில் மாட்டியது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னார். போனேன். வாசலில் நிற்கும்போதே மூக்கைச் சுருக்கினார்.

"தம்பி, என்ன பூசி இரிக்க?"

"ஒண்டும் இல்ல காக்கா. குளிச்சன். கொஞ்சம் பவுடர். ஜும்ஆவுக்குப் போறதால அத்தர் ஒரு சொட்டு."

"நான் உன்ட மணத்தக் கேட்டன். நீ கடையத் தூக்கிட்டு வந்திரிக்க. போ. ரெண்டு நாளைக்கு மனுசனா இருந்திட்டு வா."

அடுத்த கிழமை சவர்க்காரம் இல்லாமல் இரண்டு நாள், நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போய்வந்தேன். என்னுடன் ஒரே மேசையில் இருக்கும் விஞ்ஞான ஆசிரியர் முதல் நாள் கதிரையைத் தள்ளிப் போட்டார். இரண்டாம் நாள் மேசையையே மாற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் காக்கா என்னைக் கண்டதும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, "ம்ம்... இப்பதான் நீ வந்திரிக்க," என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மரியாதையாக வரவேற்றதில்லை.

அவருடைய வேலையைப் பார்க்கவேண்டும். அவித்துக் காயவைத்த போத்தல். கடையில் உறை பிரிக்காமல் வாங்கிய மருந்துத் துணி. அதைக் கையால் தொடமாட்டார், சாமணத்தால் எடுப்பார். "நான் தொட்டா என்ட மணம் ஏறிடும். மறுகா உன்னத் தேடச் சொன்னா நாய் என்ட ஊட்டுக்கு வந்து நிக்கும்." துணியை நானே பிடரியில் துடைக்க வேண்டும். பிறகு கமக்கட்டில் கால் மணித்தியாலம் இடுக்கிக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். கதைக்கவும் விடமாட்டார். அதன்பின் நானே அதைப் போத்தலில் போட, அவர் மூடியை இறுக்கி, அதை இன்னொரு பெரிய போத்தலுக்குள் வைத்து மூடுவார். பிளாஸ்டிக் ஆகாது, அதற்கென்று ஒரு மணம் இருக்கிறதாம். வெயில் படாத அலுமாரி, கீழ்த்தட்டு. இப்படி வைத்தால் வருடக்கணக்காகக் கெடாது என்பார்.

"காக்கா, நேத்து நான் மாட்டிறைச்சி ஆணம் திண்டன். அது பரவாயில்லையா?"

"தம்பி, ஆணம் கொதிச்சா நமக்கு ஆணம் மணக்கும். நாய்க்கு உப்பு வேற மணக்கும், புளி வேற மணக்கும், கொச்சிக்கா வேற மணக்கும். நீ என்னத்தத் திண்டாலும் அடியில நீ கிடப்பா. அது போதும்."

இந்தச் சேவையால் அதிகம் பாதிக்கப்பட்டவர் காக்காவின் மனைவி. நாங்கள் அவரை மதினி என்போம். வீட்டில் இருந்த கண்ணாடிப் போத்தல் எல்லாம் அலுமாரிக்குப் போய்விட்டது. "என்ட மாங்கா அச்சாறு பிளாஸ்டிக் வாளியில கிடந்து பூஞ்சணம் பிடிக்கிது. ஊராக்கள்ற வேர்வை கண்ணாடிப் போத்தல்ல ராசாவாட்டம் இரிக்கி," என்று வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லுவார்.

ஒருநாள் மீன் வெட்டும்போது மதினிக்குப் பெருவிரலில் கத்தி பட்டுவிட்டது. அவசரத்துக்கு அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலில் இருந்த துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டார். கடைக்குப் போயிருந்த காக்கா திரும்பி வந்து விரலைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த போத்தலைப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் மதிலால் எட்டிப் பார்த்தோம்.

"என்ன கா செஞ்ச? அது பிரின்சிபல்ர கழுத்து கா!"

"எனக்கு ரெத்தம் ஓடுது. நீங்க பிரின்சிபல்ர கழுத்தக் கேக்கிறீங்க!"

எங்கள் வீதியிலேயே குடியிருந்த பாடசாலைப் பிரின்சிபல் மறுபடி இரண்டு நாள் குளிக்காமல் இருக்க வேண்டி வந்தது. அவர் பாடசாலை அதிபர்கள் மாநாட்டுக்குப் போகும் கிழமை அது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஹாட்வெயார் ஹாஜியாரின் லொறி நிற்கும்வரை.

ஹாஜியார் எங்கள் வீதியில் பெரிய மனிதர். சாமான் கடையும் ஒரு லொறியும் வைத்திருந்தார். அவருடைய வாப்பா பழைய வட்டவிதானை. சம்மாந்துறைப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுவிட்ட பொறுப்பாளர். எண்பதைத் தாண்டியபிறகு அவருக்கு மறதி வந்துவிட்டது. மகனை மைத்துனன் என்பார், சில நேரம் தன் பழைய மேலதிகாரியான ஓவசியர் என்பார். காக்கா விரும்பி எடுத்த மணம் அவருடையதுதான். "மறதிக்காரர்தான் முதல்ல துலையிற ஆள்," என்று சொல்லி அவருக்கு மட்டும் இரட்டை மூடி போட்டிருந்தார்.

அப்படியிருக்க, ஒரே கிழமையில் ஹாஜியாரின் லொறி மூன்று தரம் நடுறோட்டில் நின்றது. அதற்கடுத்த கிழமை அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. யாரோ காதில் போட்டார்கள்: "ஆக்கள்ற வேர்வையும் துணியும் எடுத்துப் போத்தல்ல அடைச்சு வெக்கிறது என்னத்துக்கு? சூனியத்துக்குத்தானே?" அந்த ஒரு சொல் போதும். ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார் பத்துப் பதினைந்து பேருடன் காக்காவின் வாசலுக்கு வந்தார்.

"காக்கா, எங்கட ஆக்கள்ற சாமான எங்கட்டத் தாங்க. எனக்கு மூணு தரம் லொறி நிண்டிட்டு."

"ஹாஜியார், நான் லொறிட மணத்த எடுக்கல்லயே. லொறிக்கு ஏது கமக்கட்டு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு உள்ளே போய்ப் போத்தல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மதிலில் வரிசையாக வைத்தார். பெயர் வாசித்து அவரவர் கையில் கொடுத்தார். அப்போதும்கூட, "மூடியத் திறந்து வெக்காதீங்க, மத்தவன்ற மணம் ஏறிடும்," என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார். ஹாஜியார் வட்டவிதானையாரின் போத்தலை அங்கேயே உடைத்து, துணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பதினைந்து பேரில் நானும் ஒருவன். வீட்டில் மனைவி பயந்தாள், பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது என்றாள், நானும் போய்க் கை நீட்டினேன். காக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. போத்தலில் இருந்த பெயரை வாசித்துத் தந்தார், அவ்வளவுதான்.

அடுத்தநாள் மதினி என்னைக் கூப்பிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார். அன்றைக்குத்தான் அவர் குரலில் பகிடி இல்லாததைக் கேட்டேன்.

"அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி இரிந்தா. உனக்குத் தெரியாது தம்பி. சுனாமி வந்த நேரம் இவரு மலைநாட்டுல டியூட்டி. ரெண்டு நாள் கழிச்சு வந்து சேந்தாரு. ஊடு இரிந்த இடத்துல மண்தான் கிடந்திச்சு. தங்கச்சிட மணம் உள்ள ஒரு துணித் துண்டு கிடைக்குமா எண்டு கடற்கரை முழுக்கத் தேடினாரு. கிடைச்சிரிந்தாலும் அந்தச் சேத்துல நாய் ஒண்டும் செய்யாது எண்டு அவருக்கும் தெரியும். எண்டாலும் தேடினாரு."

 

அதன்பிறகு நான்கு மாதம் காக்கா யாரையும் முகர்ந்து பார்க்கவில்லை. அலுமாரியில் மாங்காய் அச்சாறு குடியேறியது. நான் ஸலாம் சொன்னால் பதில் சொல்லுவார், அதற்குமேல் ஒரு சொல்லும் வராது.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலையில் வட்டவிதானையாரைக் காணவில்லை.

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வாசலில் இருந்தவர், தேத்தண்ணீர் கொண்டுவருவதற்குள் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எங்கள் வீதி கடற்கரைக்குப் போகும் வீதி என்பதால் ஊரே கடலுக்கு ஓடியது. தோணிக்காரர்கள் தோணியை இறக்கினார்கள். ஒலுவில் துறைமுகத்துக்குக்கூடப் போன் போட்டு, மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு பொலிஸ் ஜீப்பில் ஒரு சார்ஜன்டும் ரோசி என்ற நாயும் வந்து இறங்கினார்கள். சார்ஜன்ட் சிங்களவர், உடைத்து உடைத்துத் தமிழ் கதைப்பார்.

"தாத்தாட கழுவாத உடுப்பு குடுங்க."

ஹாஜியாரின் மனைவி அழுதுகொண்டே தலையை ஆட்டினார். அந்த அம்மா துப்புரவில் பேர் போனவர். திங்கட்கிழமை கழுவுகிற நாள் என்பதால், வட்டவிதானையார் தொழுதுவிட்டு வாசலுக்குப் போன கையோடு தொடங்கிவிட்டிருந்தார். சாரன், சேட், தலையணை உறை, தொழுகிற பாய், லேஞ்சி எல்லாம் கொதிதண்ணீரில் ஊறி, கிருமிநாசினியில் முங்கி, கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. மெத்தையும் கிருமிநாசினி தெளித்து வெயிலில். வட்டவிதானையாரின் மணம் உள்ள பொருட்கள் என்று மிச்சம் இருந்தவை அவர் உடுத்த சாரனும் போட்ட செருப்பும்தான். அவை அவரோடு போய்விட்டன.

சார்ஜன்ட் கையை விரித்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரு போத்தல்தான் ஞாபகம் வந்தது. அதைக் கொளுத்தியவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு ஹாஜியார் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காக்காவின் வீட்டுக்கு நடந்தார்.

காக்கா பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"காக்கா..." என்றார் ஹாஜியார். 

"தெரியும். பள்ளில சொன்னாங்க." காக்கா குழாயைக் கீழே போட்டார். சாமணமும் துணியும் போத்தலும் வைத்திருந்த தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அந்தப் பெட்டி தயாராக வாசற்படியில்தான் இருந்தது என்பதை நான் கவனித்தேன்.

அவரைக் கண்டதும் சார்ஜன்ட் நிமிர்ந்து சலூட் அடித்தார். "எங்கட செக்சன்ல இவரத் தெரியாத ஆள் இல்ல," என்றார் எங்களிடம். நான்கு மாதத்துக்கு முன்னால் அவரிடமிருந்து போத்தல் பறித்த நாங்கள் எல்லாரும் மிகவும் சின்னவர்களாக உணர்ந்தோம்.

காக்கா வீட்டுக்குள் போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். "கழுவாத சாமான் ஒண்டு வேணும்."

"எங்கட ஊட்டுல கழுவாத சாமான் ஒண்டும் இல்ல," என்றார் ஹாஜியாரின் மனைவி. அந்தத் துக்கத்திலும் குரலில் கொஞ்சம் ரோசம் இருந்தது.

காக்கா மண்டபத்தின் நடுவில் நின்றார். கண் ஓரிடத்தில் நின்றது. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், வாங்கிய நாளில் போட்ட பொலித்தீன் உறையோடு, ரிமோட். உறை மங்கிக் கறுத்துப் போயிருந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு காக்காவின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"வாப்பா இதத் தொடுவாரா?"

"எந்த நேரமும் கையில வெச்சிரிப்பாரு," என்றார் ஹாஜியார். "தண்ணிக் கதவு திறக்கிற சாவி எண்டு நினைச்சு அமத்துவாரு. ஆனா அத நாங்க எல்லாரும்தானே தொடுற?"

காக்கா சாமணத்தால் துணி எடுத்து, ரிமோட்டைத் திருப்பித் திருப்பித் துடைத்துப் போத்தலில் போட்டார். "இதுல உங்கட ஊடே இரிக்கி."

"அப்ப நாய் எங்களையெல்லாம் புடிக்குமே!"

"புடிக்கட்டும். ரிமோட்டத் தொட்ட ஆக்கள் எல்லாரும் முத்தத்துல வரிசையா நில்லுங்க. ரோசி உங்கள ஒவ்வொருத்தரா மணந்து கழிச்சிடும். இந்தப் போத்தல்ல இரிந்து, ஆனா இஞ்ச நிக்காத மணம் ஒண்டுதான் மிச்சம். அதுதான் வாப்பா."

ஹாஜியார், மனைவி, மூன்று பிள்ளைகள், சமையலுக்கு வரும் பெண் என்று ஆறு பேர் நின்றார்கள். காக்கா வரிசையைப் பார்த்தார்.

"வேற ஆரு ரிமோட்டத் தொட்ட? இப்பவே சொல்லுங்க. ஒருத்தர் ஒளிச்சாலும் நாய் அவர்ர ஊட்டுக்குத்தான் போகும்."

நான் மெல்லக் கையை உயர்த்தினேன். "கிரிக்கட் பாக்க வாற நேரம்... நான்தான் சனல் மாத்துற."

"வா," என்றார் காக்கா. "வந்து நில்லு."

வாழ்க்கையில் நாயை வீதியின் மறுபக்கத்தில் மட்டும் சந்தித்த மனிதர்கள் நாங்கள். ரோசி நீளக் கயிற்றில் வந்து ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சாண் தள்ளி நின்று மூச்சு இழுத்தது. ஹாஜியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தெரிந்த துஆ எல்லாம் ஓதினார். ரோசி அவரிடம் மட்டும் மற்றவர்களைவிட நீண்ட நேரம் நின்றது. "பயப்பட வேணாம்," என்றார் சார்ஜன்ட். ஹாஜியார் அடுத்த துஆவைத் தொடங்கினார். என் முறை வந்தபோது நான் மூச்சே விடவில்லை.

கடைசியாக காக்கா போத்தலைத் திறந்து நாயின் மூக்குக்கு நேரே பிடித்தார். ரோசி மணந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி மணந்தது. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கேற்றால் வெளியேறி, ஊரே நின்றிருந்த கடற்கரைப் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், மேற்கே திரும்பியது.

"கடல் இல்ல!" என்று கத்தினார் சார்ஜன்ட். "வயல்!"

காக்கா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அந்த வயதில் அவரால் ஓடமுடியும் என்று நாங்கள் நினைக்காத வேகத்தில் ஓடினார். "வெயில் ஏறுது, வெயில் ஏறுது, மணம் போயிரும்," என்று சொல்லிக்கொண்டே ஓடினார். பிரதான வீதியில் பஸ்ஸை மறித்து நாயை மறுபக்கம் கொண்டுபோனோம். சந்தைப் பக்கம் ரோசி இரண்டு தரம் தடுமாறியது. காக்கா மறுபடி போத்தலைத் திறந்து காட்டினார். அதன்பிறகு நாய் வாய்க்கால் கட்டில் ஏறியதும், எங்களில் வயல் தெரிந்தவர்களுக்கு விளங்கிவிட்டது.

சம்மாந்துறைப் பக்கமாக இரண்டு மைல் இருக்கும். ஒரு மதகுக்குக் கீழே, காய்ந்த வாய்க்காலுக்குள், கால் மடிந்து கிடந்தார் வட்டவிதானையார். உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தது. வாய்க்காலுக்குள் குதித்த மகனைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஓவசியர் ஐயா, கடைசி வயலுக்கு ரெண்டு நாளாத் தண்ணி போகல்ல. என்ன செய்றீங்க?"

ஹாஜியார் அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். "திறக்கிறன் வாப்பா. இப்பவே திறக்கிறன்." அன்று பின்னேரம் உண்மையிலேயே அந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்க இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 

வாப்பாவை அம்புலன்சில் ஏற்றிய பிறகு ஹாஜியார் காக்காவின் முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கும் பழக்கமில்லாத மனிதர். சேட் கையை மடித்துக் கையை மேலே தூக்கினார்.

"காக்கா, என்டையும் எடுங்க. இப்பவே எடுங்க."

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க ஹாஜியார்," என்றார் காக்கா. "இப்ப உங்கள்ல பயம்தான் மணக்குது. நீங்க இல்ல."

போத்தல் காக்கா இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். இதை வாசித்தால், பிடரியைத் துடைத்தபிறகுதான் கமக்கட்டு என்ற ஒழுங்கை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று மட்டும்தான் பார்ப்பார். அவரைப் பற்றி யார் கேட்டாலும் ரிமோட் கதையைத்தான் சொல்வேன். ஆனால் எனக்குள் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது.

ஆட்கள் எல்லாம் போனபிறகு, ரோசி சந்தோசத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, போத்தல் பிடித்திருந்த காக்காவின் வலது கையை ஒரு நக்கு நக்கிவிட்டது. முப்பது வருட வேலையில் ஒரு நாயும் அவரைத் தொட்டதில்லையாம். அவர் கோபப்படவில்லை. "அதுவும் பாவம், சந்தோசப்படுது," என்றார். நாய் நக்கினால் எங்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் வயல் ஓரத்துக் குழாய்க் கிணற்றுக்குப் போனோம். நான் வாளியில் எடுத்து ஊற்றினேன். அவர் மண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் குரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார். "எத்தினையாவது தம்பி?"

ஐந்து முடிந்துவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"மறந்திட்டன் காக்கா," என்று சொல்லிவிட்டு, அவசரப்படாமல், திரும்பவும் ஒன்றிலிருந்து ஊற்றத் தொடங்கினேன்.